இடுப்புக்கு ஒரு மொய் நோட்டு

வா மாப்ளே. வாயத் தொறந்து நீ ஒண்ணும் சொல்ல வேணாம். திண்ணைக்குக் கீழ கழட்டிப் போட்டிருக்க பாரு செருப்பு, அது எல்லாத்தையும் சொல்லிடுச்சு. இடது செருப்பு குதியில தேஞ்சிருக்கு. சரி, ஊருல எல்லாருக்கும் அப்பிடித்தான் தேயும். வலது செருப்பு மட்டும் கட்டவெரல் எடத்துல தேஞ்சி, வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. கால இழுத்துப் போடுறவன் செருப்புடா அது. எத்தினி மாசமா நடக்குது இந்தக் கூத்து?

"ஒண்ணுமில்ல மாமா, வாய்வு."

வாய்வுன்னு ஒண்ணு இல்லன்னா நம்மூரு ஆம்பளைங்க நோவுக்கெல்லாம் பேரு வெக்க சோசியருகிட்டதான் போவணும். நெஞ்சுல குத்துனாலும் வாய்வு, முதுகுல புடிச்சாலும் வாய்வு. எங்க பெரியப்பன் சாவுற அன்னிக்குக்கூட வாய்வுன்னு சொல்லிட்டுத்தான் படுத்தாரு.

ஏய், ஏய், கீழ குந்தாத. நாற்காலியில ஒக்காரு. நீ கீழ குந்திட்டா அப்புறம் ஒன்னத் தூக்கிவிட ஆளு தேடணும். எனக்கு வயசு எழுபத்தாறு, அதுலயும் ஒரு பக்கம் இரும்பு. கை வெச்ச நாற்காலியாப் போட்டிருக்கேன் பாரு, ரெண்டு கையையும் ஊனி எழுந்திருக்கத்தான். இந்த வீட்டுல ஒவ்வொரு சாமானும் என் இடுப்பக் கேட்டுத்தான் எடம் மாறியிருக்கு.

எனக்கு மொத மொத இது வந்தப்ப, கச்சிராயபாளையம் பஸ் நிக்கிற எடத்து டீக்கடையில போய், "நாலு நாளா இடுப்பு வலி எடுக்குதுடா"ன்னேன். கிளாசக் கழுவிக்கிட்டிருந்தவன் தலையத் தூக்காமயே, "எத்தினாவது மாசம் பெரியப்பா?"ன்னான். கட முழுக்கச் சிரிப்பு. அன்னிக்கு வாய மூடினவன்தான், ஒன்றரை வருசம் தொறக்கல. அந்த ஒன்றரை வருச முட்டாத்தனத்தத்தான் இப்ப நீ குத்தகைக்கு எடுத்திருக்க. அதனாலதான் நோவுக் கால்னும் பாக்காம வாருறேன்.

தப்பு அவன் மேலயும் இல்ல. நம்ம பேச்சுல அந்தப் பக்கம் பூரா ஒரே பேருதான. வேட்டி கட்டுற எடமும் இடுப்பு, கொடம் வெக்கிற எடமும் இடுப்பு, புள்ள பொறக்குற வலியும் இடுப்பு வலி. டாக்டருகிட்டப் போயி "இடுப்பு"ன்னா அவரு எதத்தான் பாப்பாரு? நீ எழுந்து நில்லு. எங்க நோவுதுன்னு கையால காட்டு. ம்... பாத்தியா, கட்டவெரல் பின்னாடி, மத்த வெரலு முன்னாடி, கொடத்த இடுக்கிப் புடிக்கிற மாதிரி சுத்திப் புடிக்கிற. அது மூட்டு. நாரியில மட்டும் புடிச்சி, பின்தொடை வழியா கெண்டக்கால் வரைக்கும் சுரீர்னு எறங்குச்சுன்னா அது பெரும்பாலும் முதுகெலும்புக்காரன் வேல. இடுப்பு மூட்டோட நோவு தொடைச்சந்துலதான் குந்தியிருக்கும். செருப்பு மாட்ட முடியாது, கால் நகம் வெட்ட முடியாது, சம்மணம் போட முடியாது, மோட்டார் சைக்கிள்ல காலத் தூக்கிப் போட முடியாது. என்ன, தலைய ஆட்டுற? இப்ப போச்சா வாய்வு?

இதுல இன்னொரு திருட்டுத்தனமும் உண்டு. எனக்கு நோவு இடுப்ப விட முழங்கால்லதான் அதிகமாத் தெரிஞ்சிச்சு. ஒரு வருசம் முழங்காலுக்கு எண்ணெ தேச்சேன் மாப்ளே. தேச்சித் தேச்சி அது வாசக்கால் குத்துவெளக்கு மாதிரி ஆச்சே ஒழிய நோவு போவல. கடைசியில படம் எடுத்துப் பாத்தா முழங்கால் பத்தரமாத்துத் தங்கம். களவாண்டவன் மேல குந்தியிருக்கான், அடி வாங்கினவன் கீழ நிக்கிறான். மூட்டுக்குப் போற நரம்பும் முழங்காலுக்குப் போற நரம்பும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாம், அதனால நோவு வெலாசம் மாறிப் போவுமாம். டாக்டரு சொன்னாரு. நம்ம கூட்டுப் பட்டா மாதிரி.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமா ஒனக்கு? ஒங்க அம்மா ஆட்டுக்கல்லுல மாவு ஆட்டுனத நீ பாத்திருக்க. குழி கல்லு, அதுக்குள்ள குழவி. தொடையெலும்போட தலை உருண்டையா குழவி மாதிரி, இடுப்பெலும்புல அதுக்கு ஒரு குழி. நடுவுல வழவழன்னு குருத்தெலும்பு பூசியிருக்கு. மாவு இருக்குற வரைக்கும் குழவி சத்தமில்லாம சுத்தும். மாவு தீந்துபோயும் ஆட்டிக்கிட்டே இருந்தா? கல்லோட கல்லு ஒரையும். அந்த ஒரசல்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு நீ பொரண்டு படுக்கும்போது பல்லக் கடிக்கிற பாரு, அது.

நம்ம சனங்களுக்கு வைத்தியம் சொல்லுறதுல மட்டும் கஞ்சத்தனமே கெடையாது. நான் நொண்ட ஆரம்பிச்ச ஒடனே தெருவுல பாதிப்பேரு டாக்டராயிட்டாங்க. ஒருத்தன் முடக்கத்தான் தோசைன்னான். தின்னேன், ருசியாத்தான் இருந்துச்சு. ஒருத்தன் ஆட்டுக்கால் சூப்புன்னான். நாப்பத்தெட்டு நாளு குடிச்சேன். நான் குடிச்ச சூப்புல கெடா பன்னெண்டு நடையை நிறுத்திச்சு, நான் நடக்கல. இதெல்லாம் போவட்டும், பசிக்காவது ஆச்சு. ஆனா ஒரு பொட்டலம் வாங்கித் தின்னேன் பாரு, அதச் சொல்லணும்.

யாரு எவருன்னு கேக்காத. வெள்ளத் தூளு, காகிதத்துல மடிச்சது, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. மூணாம் நாளு நோவு பறந்துபோச்சு. மாட்டு வண்டிக்குப் பின்னால ஓடலாம்போல இருந்துச்சு. ஒரு மாசத்துல மொகம் பௌர்ணமி நிலா மாதிரி உருண்டுச்சு. பாக்குறவனெல்லாம் "தேறிட்டீங்க பெரியப்பா, மொகத்துல என்னா களை"ங்குறான். நானும் கண்ணாடி முன்னால நின்னு மீசையத் தடவிக்கிட்டேன். அப்புறம் பாத்தா சர்க்கர முந்நூறத் தாண்டி நிக்குது. ஆஸ்பத்திரியில டாக்டரு மொகத்தப் பாத்ததுமே, "என்ன பொட்டலம் தின்ன?"ன்னு கேட்டாரு. ஸ்டீராய்டாம். அந்தக் களை மருந்தோட வீக்கமாம். அதுலயும் கூத்து என்னன்னா, அந்த மருந்தே அளவு மீறினா குழவிக்குப் போற ரத்தத்த நிறுத்தி, எலும்புத் தலைய சாவடிச்சிடுமாம். நோவுக்குத் தின்ன மருந்து நோவோட மூட்டையே தின்னுடும். கொரோனாவுல உசுரக் காப்பாத்த அந்த மருந்து வாங்கின சிலருக்குக்கூட பின்னாடி இடுப்பு மூட்டு செத்துப்போச்சுன்னு 2021ல மும்பைலேருந்து சேதி வந்துச்சு. டாக்டரு எழுதிக் குடுத்து, கணக்கா வாங்குனா அது மருந்து. காகிதத்துல மடிச்சி வந்தா அது சூதாட்டம். மெடிக்கல்ல பேரு சொல்லி வாங்குற நோவு மாத்திரையும் வருசக் கணக்குல தின்னா சிறுநீரகத்தக் கேக்கும். ஒன் சட்டப் பையில ஒரு அட்டை எட்டிப் பாக்குதே, அதயுந்தான் சொல்றேன்.

எலும்புத் தலை சாவுறதுக்கு வழி இன்னும் சிலது இருக்கு. நீலகிரி பழங்குடி சனங்கள்ல சிலருக்கு ரத்த அணுவே கருக்கருவா மாதிரி வளைஞ்சி வருமாம், அது அடைச்சாலும் இதே கதிதான். இன்னொண்ணு சாராயம். வருசக் கணக்கா, அளவில்லாம. அதச் சொல்லும்போது மட்டும் எனக்கு நையாண்டி வரமாட்டேங்குது மாப்ளே. 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் அறுவது பேருக்கு மேல கொண்டுபோச்சு. அதுல நெறயப்பேரு கூலிக்காரன். கூலிக்காரன் எதுக்குக் குடிக்கிறான்னு கேட்டா "ஒடம்பு நோவுக்கு"ன்னுதான் முக்காவாசிப்பேரு சொல்லுவான். மூட்ட தூக்குன முதுகு, கரும்பு வெட்டுன இடுப்பு. நோவ வெளிய சொல்ல வெக்கப்பட்டவன், இருட்டுல போய் அத மறக்கப் பாத்தான். சரி, விடு. ஒனக்கு ராத்திரி நோவும்போது எந்தக் கடை ஞாபகம் வருதுன்னு நான் கேக்கல.

இப்ப இந்தா, இதப் பாரு. பரண்லேருந்து எடுத்து வெச்சிருக்கேன். வெள்ளிக்கோலு. நீ சின்னப் புள்ளையில இத வெச்சு சிலம்பம் சுத்தி ஒதை வாங்கியிருக்க. 1978லேருந்து இத தோள்ல வெச்சுக்கிட்டு மலை ஏறினவன் நான். அதுக்கு ரெண்டு வருசம் முன்ன வரைக்கும் கல்வராயன் மலை ஜாகீர்தாருங்க கையிலதான் இருந்துச்சு. நாடு விடுதலையாகி இருபத்தொம்பது வருசம் கழிச்சு, 1976லதான் சர்க்காரு கைக்கு வந்துச்சு. கரியாலூரு, வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடுன்னு புளிக்கும் கடுக்காய்க்கும் அலைவேன். தராசு தூக்கிட்டுப் போவ முடியாது, இந்த ஒத்தக் கோலு போதும். பாரு, ஒரு முனையில தட்டு, மறு முனை தடிப்பா குண்டு மாதிரி. நடுவுல கயிறு. கயிறத் தட்டுப் பக்கமா நகத்தினா, தூரத்துல இருக்குற இத்தினூண்டு குண்டு அத்தன புளியையும் தூக்கி நிறுத்தும். கிட்ட இருக்குறவன் பாடுபட்டுத் தூக்குறத தூர இருக்குறவன் சும்மா சாஞ்சே தூக்குவான்.

ஒன் இடுப்பும் அதே கணக்குதான். நடக்கும்போது ஒரு நொடி ஒத்தக் கால்ல நிக்கிறோம்ல, அந்த நொடியில அந்த மூட்டு மேல ஏறுற பாரம் ஒன் எடையில ரெண்டரை, மூணு பங்கு. நீ எண்பது கிலோ. அப்ப மூணு மூட்ட நெல்லு, ஒவ்வொரு எட்டுக்கும். ஒடம்பு இடது பக்கம் சாயாம இருக்க வலது புட்டத்துத் தசை மூட்டுக்குக் கிட்டவே நின்னு இழுக்குது, கிட்ட நிக்கிறதால நெறய இழுக்கணும். நீ ஒரு கோல இடது கையில புடிச்சி ரவ ஊனினா, அது தூரத்துக் குண்டு. கொஞ்சம் அழுத்தினாலே மூட்டுக்குப் பெரும்பாரம் எறங்கிடும். இடது கைன்னேன், காதுல விழுந்துச்சா? நோவு வலப்பக்கம்னா கோலு இடப்பக்கம். சினிமாவுல கெழவன் வேசம் போடுறவனெல்லாம் நோவுற காலு பக்கமே ஊனி ஊனி நம்மளக் கெடுத்து வெச்சிருக்கான். நானும் ஆறு மாசம் தப்பான கையிலதான் புடிச்சேன். வெள்ளிக்கோலு புடிச்சே வயித்தக் கழுவினவனுக்கு அந்தக் கணக்கு தன் ஒடம்புல தெரியல பாரு.

கோலு ஒயரம், கையத் தொங்கவிட்டா மணிக்கட்டு ரேகை வரைக்கும். படி ஏறும்போது நல்ல காலு முன்னால, எறங்கும்போது கோலும் நோவுற காலும் முன்னால. இத ராத்திரி படுக்கையில மந்திரம் மாதிரி சொல்லிக்கோ.

கோலு புடிச்சா கெழவன்னுடுவாங்கங்குற. ஆமா, சொல்லுவாங்க. இப்ப மட்டும் என்ன சொல்றாங்கன்னு நெனச்ச? "அவரு வாத்து மாதிரி நடக்குறாரு"ன்னு கரும்பு வெட்டுற பொம்பளைங்க பேசிக்குறாங்க. அதுக்குக் கெழவனே மேலு.

மலையில ஒரு ஆயாவப் பாத்தேன். 1980ங்கள்ல. மழை நின்ன மறுநாளு, புளிச்சாக்கு கட்டிக்கிட்டு நிக்கிறேன், மேல காட்டுலேருந்து நாலு பேரு டோலி தூக்கிட்டு வரானுங்க. மூங்கிக் கழி, அதுல கம்பளி கட்டி தூளி. அந்தப் பக்கத்து ஊருங்களுக்கு அப்ப ரோடு ஏது? ஓடப் பாறையில வழுக்கி விழுந்து இடுப்புல எலும்பு ஒடைஞ்சி போச்சு அந்த ஆயாவுக்கு. கால் வெளிப்பக்கம் திரும்பிக்கிட்டு கட்டையாத் தெரியுது. நோவுல வெளுத்துப்போய்க் கெடப்பான்னு எட்டிப் பாத்தா, தூளிக்குள்ள படுத்துக்கிட்டு வெத்தல மென்னுக்கிட்டு, தூக்குறவனுங்கள ஏவிக்கிட்டு இருக்கா. "டேய் கட்டையா, தோள மாத்து, என் தல கீழ போவுது. நீ ஏன்டா மூச்சு வாங்குற, ஒன் கல்யாணத்துக்குச் சாமை குத்தினவ நான்தான்டா."

நான் கேட்டேன், "ஏன் ஆயா, நாலு பேரு தூக்குறாங்களே, கஷ்டமா இல்ல?" அவ சொன்னா, "செத்தா நாலு பேரு தூக்கத்தான போறான். அப்ப தூக்கினா எனக்கு எப்பிடித் தெரியும், எவன் ஒழுங்காத் தூக்குறான்னு?"

மாப்ளே, நாப்பது வருசம் ஆச்சு, அந்தப் பேச்சு இன்னும் காதுல நிக்குது. கீழ எறங்க அவனுங்களுக்குப் பாதி நாளு ஆச்சு. ஆஸ்பத்திரியில கால்ல கயிறு கட்டி மணல் மூட்ட தொங்கவிட்டு வாரக்கணக்குல படுக்க வெச்சாங்க, அப்ப அதுதான் வைத்தியம். ஒரு கால் கொஞ்சம் கட்டையாத்தான் சேந்துச்சு. அடுத்த புளிச் சீசனுக்கு கோலு ஊனிக்கிட்டு வந்து என்கிட்ட எடையில சண்ட போட்டா. இப்ப அப்பிடிப் படுக்க வெக்கிறதில்ல. வயசானவங்க குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியலன்னா, எண்ணெக் கட்டு போட்டு வீட்டுலயே போட்டு வெக்காத. ரெண்டு நாளைக்குள்ள ஆபரேசன் ஆனா நல்லது. படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும், முதுகு புண்ணாவும், எலும்பு கொல்லாட்டியும் படுக்க கொன்னுடும். 108க்குப் போடு. டோலியெல்லாம் முழுசா ஒழிஞ்சிடுச்சுன்னும் நெனைக்காத, ரோடு போவாத எடத்துக்கு இன்னும் தோளுதான் வண்டி.

இப்ப மொய் நோட்டுக்கு வருவோம்.

நம்ம வீட்டுல மொய் நோட்டு இருக்குல்ல. யாரு வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு வெச்சோம்னு. நீ வெச்ச மொய்ய ஒருத்தன் திருப்பி வெக்க வரும்போது, "எனக்கு வேணாம்பா, நான் வசதியா இருக்கேன்"னு சொல்லிப் பாரேன். அவன் ஒன் வாசப்படி மறுபடி மிதிப்பானா? அவமானம்டா அது. ஆனா ஒத்தாசை விசயத்துல நீ அதத்தான் பண்ணிக்கிட்டிருக்க. போன வருசம் பக்கத்துக் கொல்லைக்காரன் ஒன் கரும்பு லோடுக்கு வரேன்னான், வேணாம்னுட்ட. மச்சான் கள்ளக்குறிச்சிக்கு வண்டியில கூட்டிட்டுப் போறேன்னான், வேல இருக்குன்னுட்ட. ஊருல எத்தினி வீட்டுக்குக் கூரை மேய்ஞ்ச, எத்தினி பொணத்துக்குத் தோள் குடுத்த? அதெல்லாம் நீ வெச்ச மொய். வாங்குற காலத்துல வாங்கலன்னா கணக்கு எப்பிடி நேராவும்?

நான் ஆபரேசன் பண்ணின புதுசுல நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கினேன். இந்தா, படி. "கால் நகம்: பேரன். நகத்துக்கு ஒரு கடலை மிட்டாய்." பத்து நகத்துக்கு பத்து. களவாணிப் பய, சுண்டுவெரல் நகத்த ரெண்டா வெட்டி ரெண்டு மிட்டாய் கேட்டான். "செருப்பு மாட்ட: நீண்ட கைப்பிடி வெச்ச கொக்கி, தச்சர் செஞ்சி குடுத்தாரு, காசு வாங்கல. பொண்ணு கல்யாணத்துக்கு ஆயிரத்தொண்ணு." நம்ம கள்ளக்குறிச்சித் தச்சனுங்க மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கினவனுங்க. தேரும் சாமியும் செதுக்குற கையால என் செருப்புக்குக் கொக்கி. அடியில ஒரு கிளி மூக்கு வேற வெச்சிருக்கான். "பேச்சுத் துணை: மேலத்தெரு சின்னாயி." அவ பேசுறது முழுக்கப் பொல்லாப்பு. ஆனா அவ ஆரம்பிச்சா ரெண்டு மணி நேரம் நோவு தெரியாது. ஊரு வம்ப விட பெரிய மரப்பு ஊசி இன்னும் எவனும் கண்டுபுடிக்கல.

ஆளுக்கு ஏத்த வேலையக் கேக்கணும்டா, அதுதான் சூட்சுமம். சைக்கிள் மிதிக்கிறவன்கிட்ட மாத்திரை வாங்கிட்டு வரச் சொல்லு. சமைக்கிறவகிட்ட சமையலக் கேளு. அழுவுறவன ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூட்டிட்டுப் போவாத, அவன நீ தேத்தணும். எதுக்கும் ஒதவாதவன் ஒருத்தன் இருப்பான் பாரு ஒவ்வொரு சொந்தத்துலயும், அவன வரிசையில நிக்க வை. ஆஸ்பத்திரி வரிசையில நிக்க அவனுக்கு ஈடு யாரும் இல்ல.

சர்க்காரும் ஒனக்கு மொய் வெச்சிருக்கு, அதயும் வாங்கு. ஒன் வரியில பங்கு இல்லாமலா போச்சு. குடும்ப வருமானம் வருசத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, குடும்பத்துக்கு வருசம் அஞ்சு லட்சம் வரைக்கும். இடுப்பு மூட்டு மாத்துறதும் அதுல வரும். வீ.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று, ரேசன் கார்டு, அப்புறம் கலெக்டர் ஆபீசு. முந்தி எதுக்கெடுத்தாலும் விழுப்புரம் போவணும், அந்த பஸ்ஸுலயே பாதி இடுப்பு போயிடும். 2019 நவம்பர் 26லேருந்து நாமளே தனி மாவட்டம். சிறுவங்கூர்ல மருத்துவக் கல்லூரி வந்துச்சு, 2022 ஜனவரியில தொறந்தாங்க. மொதல்ல அங்க போய் எலும்பு டாக்டருகிட்டக் காட்டு. எல்லா இடுப்பையும் அறுக்கவும் மாட்டாங்க. எட கொறை, பக்கத்துத் தசைக்கு இந்தப் பயிற்சி பண்ணு, கோலு புடின்னு சொல்லி அனுப்புனாலும் அனுப்புவாங்க. அதுவே பல பேருக்குப் போதும். பயிற்சி சொல்லிக் குடுக்க வீட்டுக்கே ஆளு வரும். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்கல்ல, அதுல பிசியோதெரபி பண்ணுற புள்ளைங்க இருக்காங்க. எனக்கு வந்த பொண்ணு என்ன வாத்தியாரம்மா மாதிரி வெரட்டும். "தாத்தா, நேத்து பண்ணினீங்களா?" பண்ணினேன்மா. "பொய்." எப்பிடி கண்டுபுடிக்கிறான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

மூட்டு மாத்துறதுன்னா பயமா? எனக்கும் பயம். அப்ப ஒரு டாக்டர் தம்பி ஒரு கதை சொன்னாரு. இங்கிலாந்துல ரைட்டிங்டன்னு ஒரு ஆஸ்பத்திரி, முந்தி காசநோய்க்காரங்க படுத்திருந்த எடம். அங்க ஜான் சார்ன்லின்னு ஒருத்தரு. குழிக்கு மொதல்ல டெஃப்லான்ல கிண்ணம் பண்ணிப் போட்டாரு. ஒட்டாத தோசக்கல்லுல பூசுறாங்களே, அதுதான். வழவழன்னு இருந்துச்சு, ஆனா ரெண்டு மூணு வருசத்துல தேஞ்சி, அந்தத் துகளு உள்ள போயி வம்பு பண்ணிச்சு. மனுசன் என்ன பண்ணினாருன்னா, அந்தச் சரக்க தன் சொந்தத் தொடைக்குள்ளயே வெச்சுக்கிட்டு ஒடம்பு என்ன பண்ணுதுன்னு பாத்தாரு. ஊராந் தொடையிலதான் பரீட்ச பாப்பாங்க, இவரு தன் தொடையில. அப்புறம் வேற பிளாஸ்டிக்குக்கு மாறி, 1962 நவம்பர்ல சின்ன உலோகக் குண்டும் அந்தக் கிண்ணமும் வெச்சாரு. அந்த வழியிலதான் இன்னிக்கு உலகம் பூரா மூட்டு மாத்துறாங்க. இருபத்தஞ்சு வருசம் கழிச்சும் பாதிக்கு மேல நல்லா ஓடுதாம். எனக்கு எழுபத்திரெண்டுல போட்டது. தொண்ணூத்தேழு வரைக்கும் மூட்டுக்கு நம்பிக்கை இருக்கு, மூட்டுக்கு மேல இருக்குறதுக்குத்தான் எவனும் உத்தரவாதம் குடுக்கல.

போட்ட புதுசுல சில வாரம் ரொம்பக் கட்டுப்பாடு. குந்தக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாது, குனிஞ்சி எடுக்கக் கூடாது, படுக்கும்போது காலுங்களுக்கு நடுவுல தலகாணி. வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டச் சொன்னாங்க. எங்க வீட்டுல அது வந்த அன்னிக்கு தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. சின்னாயி மட்டும் கேட்டா, "இதுல எப்பிடிண்ணே குந்துவீங்க?" குந்தாம இருக்கத்தான்டி இது.

நாளைக்குச் சாயங்காலம் என்கூட டீக்கடைக்கு வா. ஆமா, அதே கடைதான், "எத்தினாவது மாசம்"னு கேட்டவன் கடை. அங்க பெஞ்சுக்கு அடியில ரெண்டு பக்கமும் ஹாலோ பிளாக் வெச்சு ஒசத்தியிருக்கான். நான் சொல்லல. முழங்காலுக்கு மேல இடுப்பு இருக்குற மாதிரி ஒக்காந்தாதான் எழுந்திருக்க லேசுன்னு எங்கயோ கேட்டு, அவனே வெச்சான். எனக்காகத்தான் வெச்சியாடான்னேன். "இல்ல பெரியப்பா, மழைத் தண்ணி ஏறுது"ன்னான். சித்திரை மாசத்துல. அந்தப் பெஞ்சுல இப்ப நாலு கோலுக்காரங்க. சின்னசேலத்துலேருந்து வந்து செட்டிலான ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு, சர்க்கரை ஆலையில வேல பாத்தவரு ஒருத்தரு, மலையிலேருந்து எறங்கி மக வீட்டோட இருக்குற மலையாளிக் கவுண்டரு ஒருத்தரு, அப்புறம் நானு. நோவப் பத்தி பத்து நிமிசத்துக்கு மேல பேசினா டீக்காசு அவன் தலையில. வாத்தியாருதான் அடிக்கடி குடுக்குறாரு. ஆபரேசனுக்கு முந்தின நாளு எனக்குத் தொட நடுங்கிச்சு, பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லல. அந்தக் கவுண்டருதான், தன் தழும்ப வேட்டிய ஒதுக்கிக் காட்டினாரு. இவ்வளவுதான், பாத்துக்கோன்னாரு. டாக்டரு ஒரு மணி நேரம் சொன்னதுல வராத தைரியம் அதுல வந்துச்சு.

பொண்டாட்டின்னதும் ஞாபகம் வருது. மருமவளுக்குத் தெரியாதுன்னுதான நெனச்சிக்கிட்டிருக்க? போன வாரமே வந்துட்டுப் போயிட்டா. "மாமா, அவரு ராத்திரி செவுத்தப் புடிச்சிக்கிட்டுப் போறாரு, நான் தூங்குற மாதிரி படுத்திருக்கேன்"ன்னா. நீ நோவலன்னு நடிக்கிற, அவ தூங்குறதா நடிக்கிறா. ஒரே வீட்டுல ரெண்டு நாடகம், டிக்கெட்டு வாங்க ஆளில்ல. அந்தப் பாயி மட்டும் எதுக்குத் தரையில கெடக்குதுன்னு அவளாவே எடுத்துட்டு கட்டில் போட்டாளே, வெய்யக் காலத்துல பூச்சி வரும்னு காரணம் சொல்லியிருப்பாளே. அது யாருக்குன்னு நெனச்ச?

சரி, எழுந்திரு. நாற்காலிக் கைய ஊனு, நோவுற காலக் கொஞ்சம் முன்னால நீட்டிக்கோ, இப்ப எழுந்திரு. ஆங். அந்த மூலையில பாரு, சுவத்துல சாத்தியிருக்கு. என் பழைய கோலு, மலை மூங்கி, கெட்டி. ஒன் ஒயரத்துக்கு ரெண்டு வெரக்கடை அறுக்கணும், தச்சருகிட்டச் சொல்லு. புடி.

அந்தக் கையி இல்லடா. இந்தக் கையி.

நாலு எட்டு வெய்யி. திரும்பு. ம், செருப்பு சத்தமே மாறுது பாரு.

அந்த நோட்ட இப்பிடிக் குடு. பேனா... இங்கதான இருந்துச்சு. "அக்கா மவன், மூங்கிக் கோலு ஒண்ணு." தேதி போட்டாச்சு. திருப்பி வெக்கும்போது வெறுங்கோலா வெக்காத, அடிக்கு ரப்பர் பூணு மாட்டி வெய்யி. டிராக்டர் டியூப்ல அறுத்தது நல்லா உழைக்கும்.